இடப்பக்கத்துக் கிலியா

மொன்றியலில் ஒரு தமிழ் விழா நேரத்துக்குத் தொடங்காமல் நடக்கும், தலைவர் வராமல்கூட நடக்கும், ஆனால் நீக்கிலாப்பிள்ளையின் நன்றியுரை இல்லாமல் நடக்காது. தலைமையுரைக்கு அடிபிடி உண்டு. வரவேற்புரைக்கு ஆள் மாறும். நன்றியுரைக்கு மட்டும் போட்டியே கிடையாது. ஏனென்றால் அந்த நேரத்தில் பாதிச் சனம் சாப்பாட்டு வரிசைக்குப் போயிருக்கும், மீதிச் சனம் எழும்பலாமா என்று பக்கத்துக் கதிரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்குள்ளே பாசையூர் நீக்கிலாப்பிள்ளை மேடையேறி, மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, தொண்டையைச் செருமுவார்.

அப்புறம் பாருங்கள்! மண்டபம் தந்தவருக்கு நன்றி. ஒலிபெருக்கி பூட்டியவருக்கு நன்றி. வடை சுட்டவர்களுக்கு, கதிரை அடுக்கியவர்களுக்கு, வாகனத் தரிப்பிடத்தில் நின்று கைகாட்டியவருக்கு, மழையை இரவுவரை பிடித்து வைத்திருந்த ஆண்டவருக்கு, எல்லாருக்கும் நன்றி. ஒருமுறை வடைப் புகைக்கு அலாரம் அடித்துத் தீயணைப்புக்காரர் கோடரியோடு ஓடி வந்தார்கள். மற்றவர்கள் என்ன செய்வது என்று முழித்துக்கொண்டு நிற்க, நீக்கிலாப்பிள்ளை அவர்களையும் மேடைக்குக் கூப்பிட்டு பிரெஞ்சில் நன்றி சொல்லி, ஆளுக்கொரு வடையும் கொடுத்து அனுப்பிய மனிதர். பஸ்ஸை விட்டு இறங்கும்போது பின்கதவிலிருந்தே சாரதிக்குப் பிரெஞ்சில் நன்றியாக "மெர்சி!" என்று கத்துவார். டெப்பனர் என்கிற மூலைக்கடைக்காரன் மிச்சச் சில்லறையைத் தந்தால் மெர்சி, தராவிட்டாலும் மெர்சி.

இப்படி ஊருக்கெல்லாம் நன்றியை அள்ளி இறைத்த மனிதர் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அந்த ஆள் அவருடைய மனைவி மாக்கிரட். அவள் அவருக்குத் தந்தது கதிரையுமில்லை, வடையுமில்லை. தன்னுடைய கிட்னியில் ஒன்று.

சும்மா அவரை மட்டும் பிழை சொல்லவும் கூடாது. எங்கள் ஆட்களில் எவன் வீட்டுக்குள்ளே நன்றி சொல்கிறான்? சோறு போட்ட மனைவிக்கு நன்றி என்று சொல்லிப் பாருங்கள், உடனே நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்ப்பாள். அந்தச் சொல் மேடைக்கும் பிறத்தியாருக்கும் உரியது, வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கவேண்டியது. நீக்கிலாப்பிள்ளைக்கும் அப்படித்தான் பழக்கம். அதனால் சத்திரசிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகப்போகிற நேரத்திலும் சொல்லாமலே இருந்தார்.

இரண்டு கிட்னியும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்யும் கதிரையில் கிடந்தவர் அவர். மாக்கிரட் ஒருநாள் தானாகவே போய்ச் சோதனைக்குக் கையை நீட்டினாள். பொருந்திவிட்டது. டாக்குத்தர் இருவரையும் இருத்தி, தாளில் படம் கீறி, எதை எங்கே வெட்டி எங்கே வைப்பது என்று விளக்கியபோது நீக்கிலாப்பிள்ளைக்குப் பாதியில் கண் சொக்கிவிட்டது. அன்று காலைதான் இயந்திரத்தை விட்டு எழும்பி வந்திருந்தார், பாவம். மாக்கிரட்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எல்லாம் நல்லபடி முடிந்தது. அவருக்குத் தடிமன் இருமல் எதுவும் தொற்றக்கூடாதென்று செயின்ட்-மிஷேல் பகுதியிலிருந்த வீட்டில் அவருக்கொரு தனி அறை ஒதுக்கினார்கள். அந்த அறை வசதியாக இருந்ததால் அவர் பிறகும் அதை விட்டு வெளிக்கிடவில்லை.

ஆண்டு நிறைவுக்கு நன்றித் திருப்பலியும், கோயில் மண்டபத்தில் சாப்பாடும் ஏற்பாடாகியிருந்தன. அந்தக் கிழமை ஒரு பின்னேரம் மாக்கிரட் குசினியில் பயித்தங்காய் முறித்துக்கொண்டே கதையைத் தொடக்கினாள்.

"இஞ்சாருங்கோ, ஞாயிற்றுக்கிழமை நன்றியுரை நீங்கள்தானே?"

"வேறை ஆர்?"

"அதிலை என்ரை பேரும் வரவேணும்."

நீக்கிலாப்பிள்ளை கேள்விப்படாத ஏதோ பாஷையைக் கேட்டவர்போலத் திரும்பினார். "என்னத்துக்கு?"

"என்னத்துக்கோ!" பயித்தங்காய் படாரென்று முறிந்தது. "உங்களுக்குள்ளை கிடந்து வேலை செய்யிறது ஆற்றையப்பா?"

"ஐயோ, அதில்லை மாக்கிரட். வீட்டாக்களுக்கு மேடையிலை நன்றி சொல்லுறதோ? சனம் சிரிக்கும்."

"தீயணைப்புக்காரருக்குச் சொன்னனீங்கள். அவங்கள் உங்களுக்கு என்ன தந்தவங்கள்? நெருப்புக்கூட இருக்கேல்லை."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, வலப்பக்க இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

"ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. நீங்கள் சொல்லாட்டி நான் மைக்கை எடுப்பன்."

மாக்கிரட் தன் வாழ்நாளில் மைக்கைத் தொட்டதில்லை. தொட்டால் என்னென்ன வெளியே வரும் என்று நீக்கிலாப்பிள்ளைக்குத்தான் தெரியும். முந்நூற்றிநாலு சீட்டு விளையாட்டில் அவர் துரும்பை மடிக்குள் ஒளிக்கிற கதை வரும். பங்குச்சாமியாருக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட் பார்த்த கதை வரும். ஒருவேளை அவள் மோப்பம் பிடித்திருந்தால் மிக்சர்க் கதையும் வரும்.

மிக்சர்க் கதை என்னவென்றால், உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்குத்தர் கட்டளை. மாக்கிரட் வீட்டில் அதைச் சட்டமாக்கிவிட்டாள். அவருக்கோ சத்திரசிகிச்சைக்குப் பிறகு கொடுத்த குளிசைகளால் பசியென்றால் பசி, கண்டதையெல்லாம் தின்னச் சொல்லும் பசி. தமிழ்க்கடையில் உறைப்பு மிக்சர் ஒரு பெரிய பை வாங்கி, அலுமாரிக்கு அடியில் கிடந்த குளிர்காலச் சப்பாத்துக்குள் செருகி வைத்தார். கோடைகாலத்தில் குளிர்ச் சப்பாத்தை யார் தொடப்போகிறார்கள்? நல்ல மூளைதான். ஆனால் பை நாளாக நாளாக அவர் தின்றதைவிட வேகமாக இறங்கியது. எலி என்று முடிவுகட்டி, ஒரு பொறி வாங்கிச் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மறுநாள் பார்த்தால் பொறி ஓரமாக நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது, மிக்சர் இன்னும் இறங்கியிருந்தது. மாக்கிரட்டிடம் முறையிடவும் வழியில்லை. எலியைப் பற்றிச் சொன்னால் மிக்சரைப் பற்றியும் சொல்ல வேண்டுமே! சீட்டு விளையாடும் இடத்தில் மட்டும், மொன்றியல் எலிகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த எலிகள் என்று சொல்லித் திரிந்தார்.

இதெல்லாம் மேலே தெரிகிற பயம். அடியில் வேறொன்று கிடந்தது, அதை அவர் தனக்குத்தானே சொல்லவும் கூச்சப்பட்டார். கதிரை தூக்கினவனுக்கும் நன்றிதான். உடம்பை வெட்டித் தந்தவளுக்கும் அதே நன்றிதானா? அந்தச் சொல்லை அவர் ஊர் முழுக்கக் கொடுத்துக் கொடுத்துத் தேய்த்துவிட்டார். அதைக் கொண்டுபோய் அவள் முன்னால் நீட்ட வெட்கமாக இருந்தது. வெட்கப்படுகிற ஆம்பிளை என்ன செய்வான்? பகிடி விடுவான். நீக்கிலாப்பிள்ளைக்கு ஒரு நல்ல பகிடி தேவைப்பட்டது, புதன்கிழமை அது கிடைத்தது.

புதன்கிழமைகளில் அவர் மிஸ்யூ அபித்போலைப் பார்க்க ஆசுபத்திரிக்குப் போவார். இரத்தம் சுத்தம் செய்யும் இடத்தில் அடுத்தடுத்த கதிரைகளில் கிடந்து பழக்கமானவர்கள். அபித்போல் மொரோக்கோவிலிருந்து வந்த யூதர், பிள்ளைகளுக்கு எபிரேயம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர், நீக்கிலாப்பிள்ளையைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூப்பு. அந்த வயதில் மாற்றுக் கிட்னி வேண்டாமென்று அவரே சொல்லிவிட்டார். அதனால் இயந்திரத்தோடுதான் இன்னும் வாழ்க்கை. ஆனாலும் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு எப்போதும் இருக்கும். இருவருக்கும் பொதுமொழி பிரெஞ்சு. ஒருவருடையது பள்ளிக்கூடப் பிரெஞ்சு, மற்றவருடையது தொழிற்சாலையில் பொறுக்கியது. நீக்கிலாப்பிள்ளை வழக்கம்போல ஆப்பிள் கொண்டுபோனார். வாழைப்பழம் கிட்னி நோயாளருக்கு ஆகாதென்று அவருக்குத் தெரியாதா?

"என்ன முகம் தொங்கியிருக்கிறது?" என்றார் அபித்போல்.

நீக்கிலாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைப் பிரச்சினையைச் சொன்னார்.

அபித்போல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "எங்கள் மொழியில் கிட்னிக்கு என்ன பெயர் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா?" என்று கேட்டார். "கிலியா. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கிலாயோத். நீங்களெல்லாம் அதைச் சிறுநீர் வடிக்கிற சாமான் என்றுதானே நினைக்கிறீர்கள்?"

"வேறு என்ன செய்யும்?"

"புத்தி சொல்லும்! இருதயம் விளங்கிக்கொள்ளும், கிலாயோத் ஆலோசனை சொல்லும். எங்கள் பழைய ஆட்கள் அப்படித்தான் சொன்னார்கள். கடவுள் ஒரு மனிதனைச் சோதிக்க வேண்டுமென்றால் இருதயத்தையும் கிலாயோத்தையும்தான் திறந்து பார்ப்பார். ஆலயத்தில் ஆடு பலியிட்டால் அதன் கிலாயோத்தைக் கொழுப்போடு சேர்த்துப் பலிபீடத்தில் எரிப்பார்கள். ஆசாரியர்கூடத் தின்ன முடியாது, அது முழுக்கக் கடவுளுடைய பங்கு."

நீக்கிலாப்பிள்ளைக்குத் திடுக்கென்றது. பாசையூரில் இருந்த காலத்திலிருந்து எத்தனை ஆட்டுக் குண்டிக்காயை மிளகு போட்டுப் பிரட்டித் தின்றிருப்பார்! கடவுளுடைய பங்கென்று ஒருவரும் சொல்லவில்லையே.

"இன்னும் கேள்," என்று அபித்போல் குரலைத் தாழ்த்தினார். "மனிதனுக்கு இரண்டு கிலியா. ரப்பிமார் சொன்னார்கள், ஒன்று நல்ல புத்தி சொல்லும், மற்றது கெட்ட புத்தி சொல்லும். எது எது என்று கேட்டால், வலது நல்லதாக இருக்க வேண்டும், இடது கெட்டதாக இருக்க வேண்டும் என்றார்கள். சரி, மதாம் உனக்குத் தந்தது எது?"

"இடது," என்றார் நீக்கிலாப்பிள்ளை. "எல்லோரிடமும் இடதைத்தான் எடுப்பார்கள். இங்கே கிடந்த எல்லோரும் அப்படித்தானே சொன்னார்கள்."

அபித்போல் சிரிக்கத் தொடங்கினார். சிரித்த சிரிப்பில் குழாய் இழுபட்டு இயந்திரம் கீகீயென்று கத்த, தாதி ஓடிவந்து இருவரையும் பிள்ளைகளை ஏசுவதுபோல ஏசினாள்.

நீக்கிலாப்பிள்ளை அதைக் கவனிக்கவில்லை. அவருக்குள் விளக்கு எரிந்துவிட்டது. துரும்பு ஒளித்தது, காய்ச்சல் பொய், மிக்சர், எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டதே! நான் நல்லவன், எனக்குள் வந்து குந்தியிருக்கிறவர்தான் சரியில்லை. அவசரமாகத் தொப்பியைத் தூக்கினார்.

"பொறு, பொறு," என்றார் அபித்போல். "இன்னொரு சொல் இருக்கிறது. முஸார் கிலாயோத். செய்த தப்பு உள்ளேயிருந்து ஆளைக் கண்டிப்பது, குத்துவது. இன்றைக்கும் மனச்சாட்சி உறுத்தினால் எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்லுவார்கள்."

"அது பேந்து பாப்பம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, "மெர்சி, மிஸ்யூ!" என்று வாசலில் நின்று கத்திவிட்டு நீக்கிலாப்பிள்ளை போய்விட்டார்.

வெள்ளிக்கிழமைச் சீட்டுக் கூட்டத்தில் பகிடியை முதல்தடவை அவிழ்த்துப் பார்த்தார். துரும்பு ஒளித்துப் பிடிபட்டபோது, "நானில்லையடாப்பா, மாக்கிரட்டின்ரை இடது கிட்னி" என்றார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மண்டபக் குழுத் தலைவர் சவிரிமுத்து மட்டும் சட்டம் கதைத்தார்.

"பொறு, நீக்கிலாஸ். உன்ரை வயித்திலை அதை வலப்பக்கமெல்லே வைச்சிருக்கினம்? அப்ப அது இப்ப நல்லதாயிட்டுதோ?"

"கள்ளனைக் கோயிலுக்குப் பக்கத்திலை குடிவைச்சால் அவன் களவை விட்டிடுவானோ?" என்று நீக்கிலாப்பிள்ளை திருப்பிக் கேட்டார். சவிரிமுத்து யோசித்துவிட்டு அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

இனியென்ன? ஞாயிறு மேடையில் இந்தப் பகிடியைச் சொன்னால் மண்டபம் அதிரும். மாக்கிரட்டின் பேரும் வந்த மாதிரி இருக்கும், நன்றி என்ற சொல் வாயிலிருந்து வரத் தேவையும் இல்லை. கெட்ட சாமானைத் தந்தவளுக்கு எவன் நன்றி சொல்வான்? இரண்டு நாளும் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பழகினார்.

ஞாயிறு பூசை முடிந்தது. மண்டபம் நிறைந்த சனம். பக்கத்து நகரமான புரோசார்டிலிருந்து மகள் ஜெயனியும் குடும்பமும் வந்திருந்தார்கள். வழக்கத்துக்கு மாறாக நன்றியுரைக்கு ஒருத்தரும் எழும்பிப் போகவில்லை. அதைக் கேட்கத்தான் எல்லாரும் வந்திருந்தார்கள். மாக்கிரட் மட்டும் குசினி வாசலில், ஏப்ரன் கட்டி, கையில் பெரிய சோற்றுக் கரண்டியோடு நின்றாள். தன்னுடைய ஆண்டு நிறைவுக்கும் தானே சோறு போடுகிற ஆள் அவள்.

நீக்கிலாப்பிள்ளை மைக்கைத் தட்டினார். சாமியாருக்கு நன்றி. பாடகர் குழுவுக்கு நன்றி. சவிரிமுத்துவுக்கு நன்றி. டாக்குத்தர்மாருக்கும் தாதிமாருக்கும் நன்றி. கறிக்கு ஆடு வெட்டித் தந்த கடைக்காரருக்கு நன்றி. பிறகு ஒரு செருமல்.

"இனி முக்கியமான விசயத்துக்கு வாறன். எபிரேய பாஷையிலை கிட்னிக்குக் கிலியா எண்டு பேர். எங்களைப் போல அவை அதைச் சும்மா சதைத்துண்டு எண்டு நினைக்கேல்லை. அதுதான் மனுசனுக்குப் புத்தி சொல்லுறதாம். வலது நல்ல புத்தி, இடது கெட்ட புத்தி." நிறுத்தி, ஒரு சுற்றுப் பார்த்தார். "சபையோரே, எனக்கு வந்தது இடது!"

மண்டபத்தில் முதல் சிரிப்பு கிளம்பியது.

"நான் துரும்பு ஒளிச்சது உண்மை. சாமி, அண்டைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை, அதுவும் உண்மை. ஆனால் நான் பாவமறியாதவன்! என்ரை மனுசி நல்ல புத்தியைத் தனக்கு வைச்சுக்கொண்டு, இவ்வளவு காலமும் தனக்குள்ளை இருந்த கெட்டதை என்ரை தலையிலை கட்டிவிட்டிட்டா. இதுக்கு நான் நன்றி சொல்லுறதோ, இல்லாட்டி பொலிசுக்குப் போறதோ? நீங்களே சொல்லுங்கோ!"

ஐயோ, என்ன சிரிப்பு! சாமியார் மேசையில் அடித்துச் சிரித்தார். ஆம்பிளைகள் பக்கம் விசில் பறந்தது. நீக்கிலாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த மயக்கத்தில், பொம்பிளைகள் பக்கத்திலிருந்து சிரிப்பே வரவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாக்கிரட் கரண்டியைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள். நடந்து மேடைக்கு வந்து, அவர் கையிலிருந்த மைக்கை எடுத்தாள். மேடைப் பழக்கம் இல்லாதவளாதலால் அதைச் சோளம் தின்னப் போகிறவள்போலப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு கேள்வி கேக்கிறன்," என்றாள் அவரைப் பார்த்து. "என்னை எந்தப் பக்கம் வெட்டினவை?"

"இதென்ன கேள்வி? இடப்பக்கம்."

"நிச்சயமோ?"

"நிச்சயம்."

மாக்கிரட் பொம்பிளைகள் பக்கம் திரும்பினாள். "நீங்கள் சொல்லுங்கோவன் பிள்ளையள்."

"வலது!" என்றது மண்டபத்தின் அரைவாசி, ஒரே குரலில்.

நீக்கிலாப்பிள்ளை மகளைத் தேடினார். முன்வரிசையில் ஜெயனி, "அப்பா, வலது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தாள்.

"என்ரை இடப்பக்கத்துக்கு இரத்தக் குழாய் ரெண்டாம்," என்றாள் மாக்கிரட். அவளுக்குக் கோபம் இருந்தது, ஆனால் குரல் உயரவில்லை. "கரைச்சலாம், அதாலை வலதை எடுக்கிறம் எண்டு டாக்குத்தர் படம் கீறிச் சொன்னவர். இவர் நித்திரை. வீட்டை வந்தாப் பிறகு இஞ்சை இருக்கிற பொம்பிளையள்தான் முறைவைச்சு வந்து எனக்கு முழுகவாத்து, காயத்துக்குத் துணி மாத்தினவை. எல்லாருக்கும் தெரியும். இவருக்கு ஒருக்காலும் கேக்கத் தோன்றேல்லை. ஒரு வருசம்."

எங்கேயோ ஒரு பிள்ளை மட்டும் கரண்டியால் கோப்பையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"சரி, இவரின்ரை கதைப்படியே பாப்பம்," என்று மாக்கிரட் தொடர்ந்தாள், இப்போது அவள் உதட்டோரம் கோணியது. "என்னட்டை இருந்த நல்ல புத்தி இவருக்குள்ளை போயிட்டுது. நல்ல புத்தியை வைச்சுக்கொண்டுதான் இவர் துரும்பு ஒளிச்சிருக்கிறார். அப்ப, எனக்குள்ளை தனிய மிஞ்சிக் கிடக்கிறது எது?"

பொம்பிளைகள் பக்கம் இப்போதுதான் சிரிப்பு வெடித்தது. நிற்கவே மாட்டேனென்றது.

"அது எனக்கு ஒரு வருசமா என்னென்ன புத்தி சொல்லிக்கொண்டிருக்கு எண்டு இஞ்சை சொல்லேலாது. அதை வீட்டை போய்ச் சொல்லுறன். இந்தாங்கோ, உரையை முடியுங்கோ." மைக்கை அவர் கையில் திணித்துவிட்டு, அங்கேயே, பக்கத்திலேயே நின்றாள்.

நீக்கிலாப்பிள்ளை நின்றார். வாழ்க்கையில் முதல்தடவையாக மைக்கைத் தட்டவுமில்லை, செருமவுமில்லை. ஒன்றொன்றாக ஞாபகம் வந்தது. அவள் இருமும்போது தலையணையை வலப்பக்கம் அழுத்திக்கொண்டது. அரிசிப் பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வெளிப்படியில் ஏறியது. சிரித்தால் வலப்பக்கம் கையை ஊன்றுவது, அன்று குசினியிலும் ஊன்றினாள். எல்லாம் அவர் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது. அபித்போல் பொறுக்கச் சொல்லிச் சொன்ன அந்த இரண்டாவது சொல், முஸார் கிலாயோத், இப்போதுதான் அவரிடம் வந்து சேர்ந்தது. வயிற்றின் வலப்பக்கம், தையல் போட்ட இடத்தில், யாரோ உள்ளேயிருந்து விரலால் குத்துவதுபோல இருந்தது.

"சபையோரே," என்றார். அது சரியாக வரவில்லை. சபையை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"மாக்கிரட், நான் பாக்கேல்லை," என்றார். "ஒரு வருசமா உம்மடை காயத்தை நான் பாக்கேல்லை. எந்தப் பக்கமெண்டும் தெரியாமல் உம்மை வைச்சுப் பகிடி விட்டிட்டன்."

சொல்ல வேண்டிய சொல் எதுவென்று மண்டபத்தில் இருந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்தச் சொல்லை அவர் தேடிப் பிடிக்க, அது மேடைச் சொல்லாகவே வந்து நின்றது, வடைக்கும் கதிரைக்கும் சொன்ன அதே சொல். அவர் அதைத் தள்ளிவிட்டார். தள்ளிய இடத்தில், அவரைக் கேட்காமலே, பஸ் பின்கதவில் நின்று சொல்கிற சொல் வெளியே வந்தது. ஆனால் கத்தலாக இல்லை, மிகவும் மெதுவாக.

"மெர்சி."

மாக்கிரட் அவரை ஒரு கணம் பார்த்தாள். அவள் கண் கலங்கித்தான் இருந்தது, அதை ஏப்ரனால் துடைத்து மறைக்கவும் இல்லை. பிறகு, வேலைக்குப் போகிற பிள்ளைகள் காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல, இந்த ஊர்க்காரர் மெர்சிக்குச் சொல்கிற பதிலைச் சொன்னாள்.

"பியன்வெனு. இறங்குங்கோ, சோறு ஆறுது."

அதற்குப் பிறகு மண்டபம் போட்ட சத்தத்தில் இன்னொருமுறை தீயணைப்புக்காரர் வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்து, கழுவிய சட்டிகளை அடுக்கி முடிந்தது. நீக்கிலாப்பிள்ளை பேசாமல் கொள்ளாமல் அலுமாரிப் பக்கம் போய், குனிந்து, குளிர்ச் சப்பாத்துக்குள் கையை விட்டார். இன்றைக்கென்றாலும் கொஞ்சம் உறைப்பு வேண்டும்போல இருந்தது. பை கிட்டத்தட்டக் காலி. பொறி வழக்கம்போல ஓரமாக, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

"அந்தக் கடை மிக்சருக்கு உப்புக் கூட," என்றாள் மாக்கிரட் பின்னாலிருந்து. "மற்றக் கடையிலை வாங்குங்கோ."

நீக்கிலாப்பிள்ளை பையோடு நிமிர்ந்தார். "எலி?"

"எலியில்லை. இடது. அது சொல்லச் சொல்ல நான் என்ன செய்யிறது?"

அவர் பையைக் குலுக்கிப் பார்த்தார். பிறகு பையை அலுமாரி மேலே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்கை, காட்டும் பாப்பம்."

"இப்பவோ?"

"இப்பதான்."

அவள் கொஞ்சம் தயங்கி, யன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பி நின்று, சேலையை ஒதுக்கினாள். நீக்கிலாப்பிள்ளை முழங்காலில் இருந்து கிட்டப் பார்த்தார். மூன்று சின்னப் புள்ளிகள், கீழே ஒரு மெல்லிய கோடு, கோடு முடிகிற இடத்தில் தோல் கொஞ்சம் சுருங்கியிருந்தது. விரலை வைக்கப் போய், பயந்து எடுத்துவிட்டார்.

"இவ்வளவு சின்னனோ?"

"வெளியிலை அவ்வளவுதான்," என்றாள் மாக்கிரட்.

அவர் எழும்பவில்லை. தலையைக் குனிந்தபடியே இருந்தார். அவள் அவருடைய தலையில் கையை வைத்தாள், கொஞ்ச நேரம் வைத்திருந்தாள், பிறகு அந்தக் கையையே அலுமாரிப் பக்கம் நீட்டினாள்.

"சரி, எழும்புங்கோ. எழும்பேக்கை அந்தப் பையையும் எடுத்துத் தாங்கோ. இடது கேக்குது."